வளைவு இல்லாத வெள்ளம்

குற்றாலம் பேரருவியை ஒட்டி ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். பாதுகாப்பு வளைவு என்று நாளிதழ்கள் எழுதும். தண்ணீர் அதற்குள் அடங்கி விழுகிறவரை குளிக்கலாம். அதைத் தாண்டிக் கொட்டத் தொடங்கினால் போலீஸ்காரர் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார். திருநெல்வேலிச் சீமையில் இது தெரியாதவர் குறைவு. மலையில் எந்தப் பக்கம் கருக்கல் கட்டியிருக்கிறது, விழுகிற தண்ணீரில் செம்மண் நிறம் ஏறுகிறதா, சருகும் சுள்ளியும் சேர்ந்து வருகிறதா, இரைச்சல் கனக்கிறதா என்று பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். பாபநாசம் அகத்தியர் அருவியிலும் மணிமுத்தாற்றிலும் இதே பாடம்தான். அணையைத் திறக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தால் தாமிரபரணியில் துணி துவைக்கிறவர்கள்கூட வாளியைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுவார்கள். ஆபத்தை அளக்கக் கண்ணும் காதும் போதும் என்ற நம்பிக்கை இந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாக ஊறிவிட்டது.

2020 டிசம்பர் 15ஆம் தேதி, மார்கழி பிறப்பதற்கு முதல் நாள், குற்றால அருவிகளில் குளிக்க மறுபடி அனுமதி கிடைத்தது. கொரோனாவுக்காக மார்ச்சில் மூடியவை. ஏறத்தாழ ஒன்பது மாதம் தண்ணீர் யார் தலையிலும் விழாமல் பாறையில் விழுந்து சிற்றாற்றில் ஓடிப்போயிற்று. அந்தச் செய்தி வந்ததும் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் என்று வீட்டுக்கு வீடு எழுந்த கேள்வி ஒன்றுதான்: ‘போவோமா?’ அந்தக் கேள்வியை அன்று எந்தத் தராசில் வைத்தோம், எந்தத் தராசில் வைத்திருக்க வேண்டும் என்பதை இப்போதாவது யோசித்துப் பார்க்கலாம். நோய் தெருவில் நிற்கும்போது நம் வாயால் பயம் பேசும், இல்லாவிட்டால் ஆசை பேசும். யோசனை பேசுவதற்கு அது போய்ச் சில வருஷமாவது ஆக வேண்டியிருக்கிறது.

அப்படி யோசிக்க, அந்தக் காலத்தில் கேளிக்கைப் பூங்காக்கள் மூடித் திறந்த கதையும் உதவும். பூங்காவையும் அருவியையும் ஒரே வரிசையில் வைக்கலாமா என்று சிலருக்குத் தோன்றும். குற்றாலத்தை இன்று பார்க்கிறவருக்கு அந்தச் சந்தேகம் நீடிக்காது. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்த இரும்புக் கம்பி, உடை மாற்றும் அறை, வண்டி நிறுத்தக் கட்டணம், ஐந்தருவிப் பக்கம் படகுச் சவாரி, அரசு நடத்தும் சாரல் விழா, சீசனுக்கென்றே முளைக்கும் கடைகள் என்று பூங்காவுக்கு உரிய எல்லாம் அங்கே இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே கிராம்பும் ஜாதிக்காயும் பயிரிட்டுப் பார்த்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் சீசனுக்கு வந்து தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு போனார்கள். குற்றாலத்தின் திரிகூட மலை எங்களுக்குத் தெய்வம் என்றாலும், அதன் அடிவாரம் இருநூறு வருஷமாக ஓர் உல்லாச ஊர். இதைப் போலவே, ஆனித் தேரோட்டத்தை ஒட்டித் திருநெல்வேலிப் பொருட்காட்சித் திடலில் சுற்றும் ராட்டினமும் டெல்லி அப்பளமும்தான் பாதி நெல்லைக் குழந்தைகளுக்குத் தெரிந்த பூங்கா. 2020, 2021 இரண்டு வருஷமும் நெல்லையப்பர் தேர் ஓடவில்லை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில் ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கும் கூட்டமும் அந்த இரண்டு வருஷம் இல்லை.

பூங்காவுக்கு உண்டு, அருவிக்கு இல்லை என்பது ஒன்றே: நுழைவுச் சீட்டு. இது சின்ன வித்தியாசம் இல்லை. சீட்டு இருக்கிற இடத்தில் தலையை எண்ணலாம், பாதிப் பேரோடு கதவைச் சாத்தலாம். தமிழ்நாட்டில் கேளிக்கைப் பூங்காக்களுக்கு 2020 நவம்பரிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. நான்கு பக்கமும் திறந்து கிடக்கும் அருவிக்கு அது ஒரு மாதம் பிந்தியது. அதே சமயம், சீட்டு இல்லாததால்தான் கூலிக்காரக் குடும்பம் ஒன்று பஸ் காசை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்து, காசுக்காரன் நிற்கும் அதே தண்ணீரில் நிற்க முடிகிறது. தமக்கென்று தனி அருவி வேண்டும் என்கிறவர்களுக்காகத் தென்காசிப் பக்கம் மலைத்தண்ணீரைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டிய விடுதிகளும் இருந்தன. 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட வேண்டியிருந்தது. ஆகவே, ‘மூடியே வைத்திருக்கலாமே’ என்று சொல்கிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டமும் மாடியும் உள்ளவருக்கு மூடிய அருவி ஒரு செய்தி. ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்து எழுந்தவர்களுக்கு, அந்த ஒன்பது மாதத்தில் மிச்சமிருந்த ஒரே விரிந்த வெளியும் அடைபட்டுப்போனது.

திறப்பது என்றால் என்ன என்பதை உலகத்தின் பெரிய பூங்காக்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஷாங்காய் டிஸ்னிலேண்ட் 2020 ஜனவரி 25இல் மூடி மே 11இல் திறந்தது. ஹாங்காங் டிஸ்னிலேண்ட் ஜூன் 18இல் திறந்து ஜூலை 15இல் மறுபடி மூடியது. ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் ஜூலை 11இல் கதவு திறந்தது. மறுநாள் அந்த மாநிலம் அறிவித்த புதிய தொற்று 15,299. அதுவரை அமெரிக்காவின் எந்த மாநிலமும் ஒரே நாளில் அவ்வளவு பேரைக் கண்டதில்லை. அதே நிறுவனத்தின் கலிஃபோர்னியாப் பூங்காவோ 2021 ஏப்ரல் 30 வரை பதின்மூன்று மாதம் மூடிக் கிடந்தது. அதன் கார் நிறுத்துமிடம் கொஞ்ச காலம் தடுப்பூசி முகாமாக இருந்தது. பெயர் ஒன்று, ராட்டினம் ஒரே மாதிரி, வைரஸும் ஒன்று. கதவு திறந்த தேதி மட்டும் வேறு வேறு. அதைத் தீர்மானித்தது அந்தந்த இடத்து அரசு எவ்வளவு நோயைச் சகிக்கத் தயாராக இருந்தது, எவ்வளவு வருமான இழப்பைச் சகிக்க முடியாமல் இருந்தது என்ற கணக்கு. குற்றாலத்துக்கும் அதே கணக்குத்தான். ‘திறந்தாச்சு’ என்ற அறிவிப்பை நாம் மருத்துவச் சான்றிதழாக வாசித்தோம். அது நிர்வாகத்தின் முடிவு. உங்கள் வீட்டில் நீரிழிவோடு இருக்கிற அப்பாவைப் பற்றி அந்த ஆணைக்கு ஒன்றும் தெரியாது.

கதவு திறந்தவர்கள் வைத்த விதிமுறைகளிலும் ஒரு பாடம் இருக்கிறது. நெற்றிக்கு நேரே வெப்பமானி நீட்டினார்கள். கைப்பிடிகளையும் நாற்காலிகளையும் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஜப்பானியப் பூங்காக்களின் சங்கங்கள், ராட்டினத்தில் ஏறினால் கூச்சல் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. ஃபூஜி மலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பூங்கா, அலறலை மனசுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு காணொளியே வெளியிட்டது. உலகம் அதைப் பார்த்துச் சிரித்தது. உண்மையில் அந்த மூன்றில் விவரமான விதி அதுதான். காய்ச்சல் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் நோயைப் பரப்ப முடியும் என்பதால் வெப்பமானிக்குத் தப்பியவர் ஏராளம். துடைத்த கைப்பிடியால் பெரிய லாபம் இல்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021 ஏப்ரலில் ஒத்துக்கொண்டது. காற்றுதான் வழி என்று 239 அறிவியலாளர்கள் 2020 ஜூலையிலேயே பகிரங்கமாக எழுதியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் விளக்கத்தில் தெளிவாகச் சேர்த்துக்கொள்ள 2021 ஏப்ரல் கடைசி ஆயிற்று. அலறும்போதும் பாடும்போதும் உரக்கப் பேசும்போதும் வாயிலிருந்து வெளியேறும் நுண்துளிகள் பல மடங்கு கூடுகின்றன. கண்ணில் படாத ஆபத்தைத் தடுக்கக் கண்ணில் படுகிற காரியங்களைச் செய்வது அரசுக்கும் பிடிக்கும், நமக்கும் பிடிக்கும். கபசுரக் குடிநீர் அண்டாவும், கைகழுவத் தண்ணீர்த் தொட்டியும், வாசலில் வெப்பமானியும் இருந்துவிட்டால் ஒரு வளைவு கட்டிய நிம்மதி வந்துவிடுகிறது.

காற்றுதான் வழி என்று எடுத்துக்கொண்டு ஒரு நாள் குற்றாலப் பயணத்தைத் தொடர்ந்து பார்க்கலாம். பாளையங்கோட்டையிலிருந்து வேனில் கிளம்புகிறார்கள். 60 கிலோமீட்டர். மாமா வீட்டார், சித்தி வீட்டார், கூடப் படிக்கிற பையன்கள் என்று மூன்று நான்கு அடுப்புகளில் சாப்பிடுகிறவர்கள் ஒரே வண்டிக்குள். ஆலங்குளம் வரை ஜன்னல் திறந்திருக்கும். தென்காசி நெருங்கும்போது சாரல் அடிக்கும், குளிர்காற்று உள்ளே வரும். எதற்காக அவ்வளவு தூரம் வந்தார்களோ அந்தச் சாரல் மேலே பட்டதும் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். பிறகு பாட்டு, கைத்தட்டு, சிரிப்பு. அந்த நாளின் ஆபத்தான நேரம் அதுதான். பேரருவிக்கு அடியில் நிற்கும்போது திறந்த வெளி, ஓயாத காற்று. முகக்கவசம் அங்கே போட முடியாது என்றாலும், ஆளுக்கு ஆள் முட்டாமல் நின்றால் அது அவ்வளவு பயப்பட வேண்டிய இடம் இல்லை. ஆனால் வரிசையில் காத்திருக்கும் நெருக்கம், ஈரத்துணியோடு அடைந்து நிற்கும் உடை மாற்றும் அறை, ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பார்டர் பரோட்டா தின்னும் அரை மணி, ஏசி போட்டுப் படுக்கும் விடுதி அறை எல்லாம் வேறு கணக்கு. போலீஸார் காவல் நின்றது அருவிக்கு. நோய்க்கு வசதியான இடங்கள் அருவிக்குப் போகிற வழியிலும் திரும்புகிற வழியிலும் இருந்தன. அருவியில் எத்தனை பேர் குளிக்கலாம் என்று விதித்த அரசு, வேனுக்குள் எத்தனை பேர் பாடலாம் என்று விதிக்க முடியாது. அதை விதிக்க வேண்டியவர் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா.

சரி, அன்று ஏன் அவ்வளவு பேருக்குப் போகத் தோன்றியது? சோம்பலும் சலிப்பும் காரணம் என்று சொல்லிவிடலாம். அதற்கு மேலும் ஒன்று இருந்ததாக எனக்குப் படுகிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகுவார்கள். அதைப் பார்த்தவர் உள்ளே வரமாட்டார். அந்த வீட்டுக்காரர்களும் கல்யாணம் காட்சிக்குப் போகமாட்டார்கள், அடுப்பில் தாளிக்கமாட்டார்கள். முத்து இறங்கிக் காய்ந்தபிறகு, வெயிலில் வைத்த தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்கு ஊற்றுவார்கள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். மூன்றாவது ஊற்றியபிறகுதான் அந்த வீடு ஊரோடு சேரும். வேப்பிலை பெரியம்மையைத் தடுத்ததாக நான் சொல்ல வரவில்லை. தடுத்தது ஊசி. பெரியம்மையின் கடைசி நோயாளியை இந்தியா 1975இல் கண்டது. அதற்காகக் கிராமம் கிராமமாக அலைந்தவர்கள் தடுப்பூசிப் பணியாளர்கள். நான் சொல்வது வேப்பிலையைச் சொருகிய கையைப் பற்றி. அந்தக் கை அந்த வீட்டுக்காரர்களுடையது. ‘எங்களிடம் இருக்கிறது, நீங்கள் தள்ளி நில்லுங்கள்’ என்று நோயுள்ள வீடே ஊருக்குச் சொல்லும் வழக்கம் அது. கொரோனா வந்தபோது வாசலில் தாள் ஒட்டியவர் மாநகராட்சி ஊழியர். தெருவை அடைத்துத் தகரம் வைத்தவரும் அவரே. நோயை அறிவிக்கிற வேலை நம் கையைவிட்டுப் போனதும், அதை மறைக்கிற வேலையை நாம் எடுத்துக்கொண்டோம். அறிகுறி இருந்தும் சோதனைக்குப் போகாதவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் நோய் போய்விட்டது என்பது எங்கள் உடம்புக்குத் தெரிந்த மொழி. 2020 டிசம்பரில் குற்றாலத்துக்குக் கிளம்பியவர்கள் ஒருவகையில் அந்த வருஷத்துக்கே மூன்றாம் தண்ணீர் ஊற்றப் போனார்கள் என்று நினைக்கிறேன். எண்களும் அதற்கு ஒத்து ஊதின. அந்த வாரங்களில் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரு நாள் தொற்று ஆயிரத்துச் சொச்சமாக இறங்கியிருந்தது. ஐந்து மாதம் கழித்து, 2021 மே 21 அன்று, அதே எண் 36,184. ராக்கெட்டுக்கு வைத்திருந்த திரவ ஆக்சிஜன் இஸ்ரோவின் மகேந்திரகிரி மையத்திலிருந்து டேங்கர் லாரிகளில் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிற்று. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்குமா என்று ஊரே தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தது. இதை அருவியின் கணக்கில் எழுதுவது அநியாயம். டெல்டா என்ற புது வகை வந்தது, ஏப்ரல் 6 தேர்தலுக்காக மாநிலமெங்கும் கூட்டம் கூட்டினார்கள், தடுப்பூசி பெரும்பாலானவர்களை எட்டவில்லை. அருவிகளை ஏப்ரலிலேயே மறுபடி மூடிவிட்டார்கள். ஆனாலும் முத்து காய்வதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பொறுமையை நாம் அம்மை என்று வந்த சாமியிடம் மட்டும் காட்டினோம்.

இனி எடை போடும் விஷயத்துக்கு வருகிறேன். அருவியின் ஆபத்துக்கு ஒரு நேர்மை உண்டு. உள்ளே நிற்கிறவனைத்தான் அது அடிக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையன் ஒருவன் போனான். அதன் காணொளியைப் பார்த்தவர்களுக்கு இன்னும் நெஞ்சு பதறும். அங்கே போனவர்களில் ஒருவனை வெள்ளம் எடுத்தது. தொற்று அப்படி எடுப்பதில்லை. குளித்துவிட்டு வந்த இருபது வயதுக்காரனுக்கு இரண்டு நாள் தொண்டைக் கரகரப்பு. அவன் வாங்கி வந்த நேந்திரங்காய் சிப்ஸைக்கூடக் கடிக்க முடியாத ஆச்சிக்கு மூச்சுத்திணறல். போனவன் ஒருவன், விலை கொடுக்கிறவர் இன்னொருவர். ‘எனக்குப் பயமில்லை’ என்ற வாக்கியம் அருவிக்கரையில் தைரியமாக இருக்கலாம். தொற்றுக் காலத்தில் அது அடுத்தவர் பணத்தை எடுத்துச் சூதாடுகிறவனின் தைரியம்.

அப்படியென்றால் அந்த ஆச்சியிடமே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்டோம். எல்லா வீட்டிலும் கேட்டார்கள். பதிலும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ‘போயிட்டு வாங்கய்யா. பிள்ளேளு எத்தன நாளு வீட்டுக்குள்ளயே கெடக்கும்? எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது, நான் இருந்து என்ன செய்யப் போறேன்?’ இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வண்டி ஏறினோம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளின் சந்தோஷத்துக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவர்கள். பண்டிகைப் பலகாரத்தில் கடைசித் துண்டை ‘எனக்கு இனிப்பு ஆகாது’ என்று தள்ளிவிட்டவர்கள். அவர்களிடம் போய், உங்கள் உயிரைக் கொஞ்சம் பணயம் வைக்கலாமா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? அந்தப் பதிலில் தெரிவது அவர்களுடைய தாராளம். அதை ஆதாரமாக வைத்து நாம் முடிவெடுப்பது அந்தத் தாராளத்தைச் சுரண்டுவது. எனவே அவர்களைக் கேட்காமல் அவர்கள் சார்பில் யோசிக்க வேண்டிய கடமை போகிறவனுக்கு இருக்கிறது. தொற்றுக் காலத்தின் பெரும்பாலான அறிவுரைகள் ‘உங்கள் அபாயத்தை நீங்களே மதிப்பிடுங்கள்’ என்று தனி ஆளைப் பார்த்துப் பேசின. ஐந்து பேர் ஒரே கூரையடியில் தூங்கும் வீட்டில் தனி ஆளின் அபாயம் என்று ஒன்று ஏது?

வீட்டுக்கு அப்பால் இன்னொரு கூட்டம் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், துண்டும் டவுசரும் விற்கிறவர், ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூடையில் வைத்திருக்கும் பெண், ஆட்டோக்காரர், விடுதியில் படுக்கை விரிப்பை மாற்றும் பையன். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை, பிறகு கார்த்திகை மார்கழியில் சபரிமலை சாமிமார்கள் வரும்போது என்று, சில மாதச் சம்பாத்தியத்தில் வருஷத்தை ஓட்டுகிறவர்கள் இவர்கள். கடன் வாங்கிக் கடையை ஏலம் எடுத்தவர்களும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22இல் உருவான தென்காசி மாவட்டம், தன் முதல் குற்றாலச் சீசனையே மூடிய அருவியோடு பார்த்தது. இரண்டாவதும் அப்படியே போயிற்று. இவர்களுக்கு மூடிய அருவி பாதுகாப்பு ஆகாது. ஓர் ஆபத்தைத் தள்ளி வைத்து இன்னொன்றை வீட்டுக்குள் விடுவது அது. திறந்தாலோ, வருகிற பயணி தன் குடும்பத்தை மட்டும் பார்க்கிறார், எண்ணெய் தேய்ப்பவர் வருகிற எல்லோருடைய மூச்சையும் வாங்குகிறார். அவருக்கு ‘போவோமா, வேண்டாமா’ என்ற கேள்வியே இல்லை. ஆகவே, ‘நாம் போனால்தானே அவர்கள் பிழைப்பார்கள்’ என்று சொல்லிக்கொண்டு போவதும், ‘நாம் போய் அவர்களுக்கு நோய் கொடுக்க வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருப்பதும் பாதி உண்மைகள். பிழைப்புக்காகக் கூட்டத்தை அழைக்கிற நிலைமைக்கு அவர்களைத் தள்ளாதிருக்க வேண்டியது அரசு. மூடிய மாதங்களுக்கு வாடகையும் ஏலத்தொகையும் தள்ளுபடி, கையில் ரொக்கம், திறப்பதற்கு முன் முதல் ஊசி அவர்களுக்கு: இவை கருணையின் பட்டியல் இல்லை. அருவியைத் திறக்கலாமா என்று கேட்கும் தகுதிக்கான நிபந்தனைகள்.

ஒரு வருஷம் கழித்து, 2021 டிசம்பர் 20இல், அருவிகள் மறுபடி திறந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் முந்தின டிசம்பரின் அதே காட்சி. ஆனால் இடையில் ஒரு வளைவு கட்டப்பட்டிருந்தது. 2021 ஜனவரி 16இல் சுகாதாரப் பணியாளர்களோடு தொடங்கிய தடுப்பூசி மார்ச்சில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், மே மாதம் 18 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வந்தது. இரண்டு ஊசி போட்ட ஆச்சி வீட்டில் இருந்தால், குளித்துவிட்டு வருகிற பேரன் முன்போல அவ்வளவு பெரிய அபாயத்தைச் சுமந்து வரமாட்டான். ஆனால் அருவிகள் திறப்பதற்கு ஐந்து நாள் முன்புதான், டிசம்பர் 15 அன்று, தமிழ்நாட்டின் முதல் ஒமைக்ரான் நோயாளியை அறிவித்தார்கள். சிமென்ட் வளைவு கட்டிய உயரத்திலேயே நிற்கும். நோய்க்குக் கட்டும் வளைவோ புது வகை வரும்போதெல்லாம் தணிந்துவிடும், மறுபடி உயர்த்த வேண்டியிருக்கும். அதனால் ‘குற்றாலம் போவது பாதுகாப்பானதா?’ என்ற கேள்விக்கு ஊரைப் பார்த்தோ தண்ணீரைப் பார்த்தோ பதில் சொல்ல முடியாது. எந்த மாதம், எந்த வண்டியில், யாரோடு, எந்த வீட்டுக்குத் திரும்பி வருவதற்காக என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

இந்தக் கேள்விகளை வீட்டுக்கு விடாமல் அரசே எடுத்துக்கொண்டால் அது எதுவரை போகும் என்று காட்டுகிற ஒரு சம்பவம் 2021 அக்டோபர் 31 அன்று ஷாங்காய் டிஸ்னிலேண்டில் நடந்தது. பூங்காவுக்கு வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் கதவுகளை அடைத்து, உள்ளே இருந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரவோடு இரவாகச் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். வாணவேடிக்கை ஒரு பக்கம் நடக்க, முழுக் கவச உடையில் ஊழியர்கள் மூக்கில் குச்சி விட்டுக்கொண்டிருந்த படங்களை உலகம் பார்த்தது. அங்கே அரசு எல்லா வீட்டுப் பெரியப்பாவின் வேலையையும் தானே எடுத்துக்கொண்டது. அந்த வழி நமக்கு வேண்டாம். அப்படிப்பட்ட அரசு பிறகு எந்தக் கதவைத் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஃப்ளோரிடாவின் வழி, கதவைத் திறந்துவிட்டு மிச்சத்தை ஆளுக்கு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னது. நம் வீடுகள் அப்படி ஆளுக்கு ஆளாகப் பிரிந்து கிடக்கவில்லை என்பதால் அதுவும் பொருந்தாது. நமக்குப் பொருந்துவதற்கான சாயல் வேப்பிலை சொருகிய அந்தப் பழைய வழக்கத்தில் இருந்தது. காய்ச்சல் கண்டவன் தானே விலகி நிற்பான், அப்படி நின்றவனை ஊர் ஒதுக்காது, அவன் வீட்டுக்குச் சோறு வரும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது நிற்கும். கூலி போய்விடும் என்று பயப்படுகிறவன் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேனில் ஏறத்தான் செய்வான்.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதற்கு வளைவு கிடையாது. வந்தால் அருவியை மூடுவார்கள், கொஞ்சம் தணிந்ததும் திறப்பார்கள். திறந்த அன்று காலையில் எத்தனை பேருக்கு அனுமதி என்று மாவட்ட ஆட்சியர் சொல்வார், தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்று செய்தியில் வரும். அந்த இரண்டும் தெரிந்தபிறகும் தெரியாமல் மிச்சமிருப்பது வீட்டுக்கணக்கு. வண்டியில் ஏறுகிறவர்களின் பட்டியலை நாம் எப்போதும் போடுகிறோம், இடம் பத்துமா என்று பார்ப்பதற்காக. ஏறாமல் வீட்டில் இருக்கப்போகிறவர்களின் பட்டியலை முதலில் போட வேண்டும். அதில் ஊசி போடாதவர், இழுப்பு உள்ளவர், சர்க்கரை உள்ளவர், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர் என்று பெயர்கள் வந்தால், அந்தச் சீசன் நமக்கு இல்லை என்று முடிவெடுப்பது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது. வராவிட்டால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, நனைந்தாலும் பரவாயில்லை என்று போய்விட்டு வரலாம்.